கோப்புமுறைக் கருவிகளைச் சோதிக்க: இமேஜ் ஃபைலா, பென்டிரைவா?

லினக்ஸின் எக்ஸ்ட்4 போன்ற கோப்புமுறைகளை உருவாக்கவும் சரிபார்க்கவும் உதவும் கருவித் தொகுப்பு ஈ2எஃப்எஸ்ப்ராக்ஸ். அதன் புதிய பதிப்பைச் சோதிக்க முதலில் இமேஜ் ஃபைல்தான், அதாவது டிஸ்க்போலப் பயன்படுத்தும் சாதாரண ஃபைல். டிரங்கேட் கட்டளையால் 2 ஜிபி ஃபைல் உருவாக்கி, அதன்மேலேயே ஃபார்மேட் செய்யும் எம்கேஎஃப்எஸ் கட்டளையை ஓட்டலாம். எழுதிய பகுதிக்கு மட்டும் இடம் எடுக்கும் ஸ்பார்ஸ் ஃபைல் என்பதால் டிஸ்கில் மிகக் குறைந்த இடமே பிடிக்கும். கெட்டுப்போனால் பழைய நகலை எடுத்துக்கொண்டு அதே பிழையை எத்தனை முறையும் வரவழைக்கலாம். கருவியை இன்ஸ்டால் செய்யவே வேண்டாம். கம்பைல் செய்த ஃபோல்டரிலிருந்தே ஓட்டுங்கள்.

ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது டிரைவைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதை இமேஜ் ஃபைல் காட்டாது. அதற்கு நிஜ பென்டிரைவ் வேண்டும். மறுபடி செருகும்போது டிரைவின் பெயர் எஸ்டிபியிலிருந்து எஸ்டிசி என்று மாறிவிடலாம். ஒவ்வொரு முறையும் டிரைவுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் அளவையும் மாடலையும் பாருங்கள். டெஸ்க்டாப் தானாக மவுன்ட் செய்திருந்தால் அன்மவுன்ட் செய்த பிறகே எஃப்எஸ்சிகே (கோப்புமுறையைச் சரிபார்க்கும் கட்டளை). பிடுங்கிய டிரைவில் அதை ‘என்’ ஆப்ஷனோடு (எதையும் மாற்றாமல் பார்க்க மட்டும்) ஓட்டினால் பிழைகள் வரிசையாக வரக்கூடும். பதற வேண்டாம்: அது படிக்க மட்டும் திறப்பதால் ஜர்னலை (முடியாத மாற்றங்களின் பதிவை) மீட்பதில்லை. டிடி கட்டளையால் டிரைவை அப்படியே நகலெடுத்து, அந்த நகலில் ‘எஃப்’ (கட்டாயம் சரிபார்), ‘ஒய்’ (எல்லாவற்றுக்கும் ஆம்) ஆப்ஷன்களோடு ஓட்டுங்கள்.

பென்டிரைவுக்கே உரிய சிக்கல் இன்னொன்று: அது வேறு கணினிக்குப் போகும். 2023-இல் வந்த 1.47.0 பதிப்பு ஆர்ஃபன் ஃபைல் வசதியை (அழித்த பிறகும் திறந்திருக்கும் ஃபைல்களைக் குறித்துவைப்பது) இயல்பாகவே இயக்குகிறது. 1.46 எஃப்எஸ்சிகே அதைப் பார்த்ததும் ஆதரிக்காத வசதி என்று சொல்லி நின்றுவிடும். பழைய கணினிக்கும் போகும் டிரைவென்றால் ஃபார்மேட் செய்யும்போதே அதை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே ஃபார்மேட் செய்தாயிற்றென்றால், அதை அணைக்க, கோப்புமுறையின் அமைப்புகளை மாற்றும் டியூன்2எஃப்எஸ் கட்டளையின் புதிய பதிப்பு போதும்.