13 ஜெர்சியா, ஒரே ஜெர்சியா?

இஷ் ஸ்மித், யுடோனிஸ் ஹாஸ்லம். இருவரும் கூடைப்பந்து வீரர்கள். அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இருவரையும் எந்த அணியும் எடுக்கவில்லை. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவுக்குள் பின்வாசல் வழியாகத்தான் வந்தார்கள். அப்புறம் பாதை பிரிந்தது.

ஸ்மித் 2010-ல் ஹூஸ்டனில் தொடங்கி 13 அணிகளுக்கு ஆடினார். என்பிஏவில் அது சாதனை. ஆறடி உயரம்தான், ஆனால் பந்தோடு பாய்ந்தால் பிடிப்பது கஷ்டம். அவசரத்துக்கு ஒரு பாயின்ட் கார்டு (பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்துபவர்) தேவைப்பட்ட அணிகளுக்கெல்லாம் அவர் ஞாபகம் வந்தது. 2015-ல், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், நியூ ஆர்லியன்ஸ் அவரைப் பழைய அணியான பிலடெல்பியாவுக்கே அனுப்பியது. பண்டிகை நாளில் பெட்டி கட்டுவதை யோசித்துப் பாருங்கள். வீடு, சக வீரர்கள், ஆட்டத் திட்டம், எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

ஹாஸ்லம் பிறந்ததும் மயாமி, 20 சீசன் ஆடியதும் மயாமி. அதற்கு முன் பிரான்ஸில் ஒரு வருடம், அவ்வளவுதான். 2010-ல் வேறு அணிகள் அதிகப் பணம் தரத் தயாராக இருந்தும் நகரவில்லை. மூன்று சாம்பியன்ஷிப். கடைசி சில வருடங்கள் பெரும்பாலும் பெஞ்சில்தான், கிட்டத்தட்ட ஒரு பயிற்சியாளர் மாதிரி.

நிலைத்த வாழ்க்கை யாருக்கு என்றால் சந்தேகமே இல்லை, ஹாஸ்லமுக்குத்தான். ஆனாலும் எனக்கு ஸ்மித் மேல்தான் மரியாதை அதிகம். ஒரே இடத்தில் பெயர் எடுப்பது ஒன்று, 13 இடங்களில் புதியவனாகவே நுழைவது வேறு.

வேடிக்கை என்னவென்றால், 2023 இறுதிப் போட்டியில் இருவரும் எதிரெதிர் அணியில். 4-1 என்ற ஆட்டக் கணக்கில் வென்றது டென்வர். ஸ்மித்தின் 13-வது அணி.