சுகர் கேன் ஆலி (1983): கரும்புக் காட்டுக்குப் பேரனை விடாத பாட்டி

நேத்து ராத்திரி இந்தப் படத்த மூணாவது தடவயா பாத்தேன், பாத்துட்டு தூக்கமே வரல, அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். பிரெஞ்சுப் படம், டைரக்டர் யூஸான் பால்சி, கதை நடக்குற கரீபியன் கடல் தீவு மார்ட்டினிக்லயே பொறந்தவங்க, இது வந்தப்ப அவங்களுக்கு 25 வயசு தான். அதே தீவுக்காரர் ஜோசஃப் ஸோபெல் 1950ல எழுதுன நாவல எடுத்துருக்காங்க.

1930கள்ல நடக்குற கதை. பிரெஞ்சு ஆட்சி, கண்ணுக்கு எட்டுன வரைக்கும் கரும்பு, கூலிக்காரங்க இருக்க வரிசையா குடிசைங்க. அதுல ஒண்ணுல ஜோசேன்னு பத்துப் பதினோரு வயசுப் பையனும் அவன் பாட்டி மமான் தீனும். அடிமைத்தனம்னா சவுக்கு, துப்பாக்கினு எதிர்பாத்து உக்காராதீங்க. கூலி நாள் சீன் ஒண்ணு வரும், வாரம் பூரா இடுப்பொடிய வேல பாத்தவங்க வரிசைல நிக்கிறாங்க, பேரு கூப்புடுறாங்க, கைல விழுந்த சில்லறைய பாத்ததும் ஒவ்வொரு மூஞ்சியும் மாறுது பாருங்க, அது போதும் எல்லாம் புரிஞ்சிடும்.

எனக்கு உசுரு மெதூஸ் தாத்தா தான், அதே தோட்டத்துல இருக்க வயசான கூலிக்காரர், ஜோசேக்கு சொந்தத் தாத்தா இல்ல. ராத்திரி நெருப்பு பக்கத்துல உக்காந்து பையனுக்கு விடுகதை போடுவாரு, அப்புறம் அப்படியே அவங்க அப்பா சொன்ன கதைக்கு போயிடுவாரு, விடுதலைனு சொன்னதும் தீவு பூரா ஓடினோம், ஆனா நிலம் பூரா வெள்ளக்காரன் கைல தான இருக்கு, எங்க போறது, திரும்பி அதே தோட்டத்துக்கே வந்தோம்னு. அங்க அடிமை முறைய ஒழிச்சது 1848ல. அதுக்கப்புறம் ஆள் பத்தலனு 1853லருந்து பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கம் நம்ம சனங்களயும் கப்பல்ல ஏத்திட்டு போனது இதே கரும்புக்கு தான். படம் சொல்றது அவங்க கதை இல்ல, ஆனா அந்தக் கரும்பு வரிசைய பாக்குறப்ப எனக்கு அந்த நெனப்பு வராம இல்ல.

பெரியவங்க இல்லாத நேரம் புள்ளைங்க ரம்ம குடிச்சு தீ வெச்சிடுதுங்க, உடனே எல்லா வீட்லயும் புள்ளைங்கள வேலைக்கு இறக்கிடுறாங்க, மமான் தீன் மட்டும் முடியாதுங்குறா. படத்தோட முதுகெலும்பே அந்த ஒரு பிடிவாதம் தான். பையன் பாஸ் பண்ணி தீவோட தலைநகர் ஃபோர் து ஃப்ரான்ஸ்ல பெரிய ஸ்கூலுக்கு போறான், ஸ்காலர்ஷிப் கொஞ்சம் தான் கெடைக்குது, மிச்ச பீஸுக்கு இந்த வயசுல அவ ஊரான் துணிய துவைக்கிறா. வாயில பைப்பு, திட்டிக்கிட்டே தான் இருப்பா, ஆனா அந்தத் திட்டுல இருக்க பாசம் இருக்கே! நடிச்ச டார்லிங் லெஜிடிமஸ் அம்மாவுக்கு அப்ப எழுபத தாண்டிடுச்சு, வெனிஸ் பட விழாவுல சிறந்த நடிகை விருது குடுத்தாங்க, படத்துக்கும் சில்வர் லயன் விருது கெடச்சுது.

மெதூஸ் சாவ பத்தி ஜோசே கிளாஸ்ல ஒரு கட்டுரை எழுதுவான், வாத்தியார் அத எங்கருந்தோ காப்பி அடிச்சனு சொல்லிடுவாரு. அந்தப் பையன் மூஞ்சி... எனக்கு தொண்ட அடச்சிடுச்சு. தோட்டத்துப் புள்ளைக்கு இப்படி எழுத வராதுனு முடிவு பண்ணிட்டாரு பாருங்க, அது சவுக்க விட வலிக்குது.

கொற இருக்கு. டவுனுக்கு போனதும் படம் வேக வேகமா ஓடுது, புதுசு புதுசா ஆளுங்க வந்து நிக்காம போயிடுறாங்க. வெள்ளக்கார அப்பாவுக்கு பொறந்த லியோபோல்ட் கதை மட்டுமே தனி படத்துக்கு தாங்கும், அதுக்கு இன்னும் பத்து நிமிஷம் குடுத்துருக்கலாம். கலர் பூரா பழைய போட்டோ மாதிரி பழுப்பு, மொதல்ல ஒரு மாதிரி இருக்கும், கண்ணு பழகிடும்.

சப்டைட்டிலோட நல்ல பிரிண்டா தேடி பாருங்க, வீட்ல பத்து வயசு தாண்டின புள்ளைங்க இருந்தா கூட உக்கார வையுங்க. மெதூஸ் தாத்தாவ ராத்திரி எல்லாரும் தீப்பந்தத்தோட கரும்புக் காட்டுல தேடுற சீன்ல மட்டும் பக்கத்துலயே இருங்க.