முடிவு தெரிந்த பிறகும் எதை மறுபடி பார்ப்பேன்?

2019 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. லண்டனில் ஒரே நேரத்தில் இரண்டு இறுதிப் போட்டிகள்: லார்ட்ஸில் உலகக் கோப்பை கிரிக்கெட்டில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும், விம்பிள்டன் டென்னிஸில் ஃபெடரரும் ஜோகோவிச்சும். ரிமோட்டைக் கீழே வைக்காமல் சேனலை மாற்றி மாற்றிப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். இரண்டின் முடிவும் இன்று எனக்கு மனப்பாடம். ஆனாலும் இரண்டையும் முழு ஒளிபரப்பாகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஹைலைட்ஸை ஒரு தடவை பார்த்ததோடு சரி.

விம்பிள்டனில், ஐந்தாவது செட்டில் ஃபெடரர் 8-7 என முன்னிலையில் இருக்கிறார். சர்வீஸ் அவருடையது, 40-15. இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை. முதல் வாய்ப்பில் அவருடைய ஃபோர்ஹேண்ட் கோட்டுக்கு வெளியே போகிறது. இரண்டாவதில் வலையை நோக்கி ஓடி வருகிறார், ஜோகோவிச் பந்தைக் குறுக்கே அடித்து அவரைத் தாண்டிப் போகவைத்துவிடுகிறார். ஹைலைட்ஸில் இந்த இரண்டு அடிகளும் இருக்கும். இடையில் நடந்தது இருக்காது. ஃபெடரர் திரும்பி நடந்து வருவது, பந்தை வாங்குவது, மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டு அமைதியாவது, எதிர்ப்பக்கம் ஜோகோவிச்சின் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் இருப்பது, எல்லாம் கத்தரிக்கப்பட்டிருக்கும். எனக்கு ஆட்டமே அந்தச் சில விநாடிகள்தான். மொத்தப் புள்ளிகளில் ஃபெடரர் 218, ஜோகோவிச் 204. ஆனாலும் 4 மணி 57 நிமிடம் கழித்து வென்றது ஜோகோவிச். ஏன் என்று ஸ்கோரைப் பார்த்தால் புரியாது. அந்த நடையையும் அந்த முகத்தையும் பார்த்தால் கொஞ்சம் புரியும்.

சரி, தொலைக்காட்சியில் பார்க்க டென்னிஸ் நன்றாக இருக்கிறதா, கிரிக்கெட்டா? படம் பிடிப்பதைப் பொறுத்தவரை என் ஓட்டு டென்னிஸுக்கு. ஆடுகளம் மொத்தமும் ஒரே கேமராவுக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டு பேரும் எங்கே நிற்கிறார்கள், எந்த மூலை காலியாக இருக்கிறது என்று நமக்கே தெரிகிறது. கிரிக்கெட் இந்த வசதிக்காகப் பாடுபட வேண்டியிருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் கேமரா வைத்த காலத்தில் ஓவர் விட்டு ஓவர் பேட்ஸ்மேனின் முதுகைத்தான் பார்க்க முடிந்தது. 1977-இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி கெர்ரி பேக்கர் தன் போட்டித் தொடருக்கு இரு முனையிலும் கேமரா வைத்த பிறகுதான் எல்லாப் பந்தையும் பந்துவீச்சாளரின் பின்னாலிருந்து பார்க்கும் பழக்கம் நமக்கு வந்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் கிரிக்கெட்டை மிஞ்ச ஆளில்லை: காத்திருப்பு. அந்த லார்ட்ஸ் இறுதிப் போட்டியின் கடைசி ஓவரில், இரண்டாவது ரன்னுக்காகப் பாய்ந்து விழுந்த இங்கிலாந்தின் ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு, ஃபீல்டர் எறிந்த பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது. உடனே அவர் இரண்டு கையையும் தூக்கி மன்னிப்புக் கேட்டார். அடுத்த பந்து வரும்வரை கேமரா ஒவ்வொரு முகமாகப் போய் வந்தது. அந்த நேரத்தில் யாரும் ஓயாமல் பேசிக் கெடுக்கக்கூடாது. பழைய வர்ணனையாளர் ரிச்சி பெனோவை நான் பெரிதும் மதிப்பது இதனால்தான். படம் சொல்வதை அவர் வாயால் திருப்பிச் சொல்லமாட்டார். இன்றைய வர்ணனையாளர்கள் பலர் ஐந்து விநாடி மௌனத்துக்கே பயப்படுகிறார்கள். எனக்கு அது உண்மையான வருத்தம்.

அப்புறம், விளையாட்டைப் பற்றிய ஆவணத் தொடர்கள். 2020-இல் வந்த ‘தி லாஸ்ட் டான்ஸ்’ பத்துப் பாகத்தையும் ரசித்துப் பார்த்தேன். மற்றவர்கள் சொன்னதைக் கையிலிருக்கும் டேப்லெட்டில் பார்த்து, கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் சிரிக்கும் இடம் பிரமாதம். ஒருவருடைய வெற்றிவெறி இருபது வருடத்துக்கு மேலாகியும் ஆறவில்லை என்பதை எந்த நேரலையும் அப்படிக் காட்டியிருக்க முடியாது. ‘டிரைவ் டு சர்வைவ்’ விஷயத்தில் எனக்கு அவ்வளவு மனமில்லை. அதைப் பார்த்துத்தான் பலர் ஃபார்முலா ஒன் கார் பந்தயத்துக்குள் வந்தார்கள், அது நல்லதுதான். ஆனால் இல்லாத பகையை இருப்பதுபோலக் காட்டுகிறார்கள் என்று பந்தய ஓட்டுநர் வெர்ஸ்டாப்பனே ஒரு கட்டத்தில் அதில் பேச மறுத்தார். எனக்குப் பிடித்தது வேறு. பின்னால் வரும் கார் சுற்றுக்கு அரை விநாடியாக நெருங்குவதைத் திரையோரத்து எண்களிலேயே பார்த்து, எந்த வளைவில் முந்தப் பார்ப்பார் என்று நானே கணக்குப் போடுவது. அந்தத் தொடர் மோதல்களை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிடுகிறது.

கதைத் தொடர்களில் இதற்கு ஈடு கொடுப்பது எனக்கு ஒன்றுதான்: 1971-இல் தொடராக ஓட ஆரம்பித்த துப்பறியும் கதை ‘கொலம்போ’. கொலைகாரன் யாரென்று பெரும்பாலும் தொடக்கத்திலேயே காட்டிவிடுவார்கள், அதாவது முடிவைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். கசங்கிய மழைக்கோட்டோடு, துப்பறிவாளராக நடிக்கும் பீட்டர் ஃபால்க் வாசல்வரை போய், நின்று, “இன்னும் ஒரே ஒரு விஷயம்” என்று திரும்புவார். எதிரில் நிற்பவரின் முகத்தில், அப்போதுதான் வந்த நிம்மதி மெல்ல வடியும். கேமரா அவசரப்படாமல் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். யார் மாட்டுவார் என்பதில் மர்மமே இல்லாத இந்தத் தொடரை, கடைசிக் காட்சிவரை முடிச்சை ஒளித்து வைக்கும் பல தொடர்களைவிட அதிகத் தடவை பார்த்திருக்கிறேன். அந்த மற்றத் தொடர்களில் முடிச்சு அவிழ்ந்ததும் திரும்பிப் போக எனக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

அடுத்த வாரம் ஒரு நாள் முழுதாகக் கிடைத்தால் ஆட்டம் சமனில் முடிந்ததால் ஆளுக்கு ஒரு ஓவர் ஆடிய லார்ட்ஸ் சூப்பர் ஓவருக்குத்தான் போவேன். இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் ஆர்ச்சரின் முதல் பந்து வைடு. அதற்கும் அடுத்த பந்துக்கும் நடுவில், அவர் ஓட்டத்தைத் தொடங்கும் இடத்துக்குத் திரும்பி நடக்கும் அந்த நடையைப் பார்க்க வேண்டும்.