உளஇயக்கச் சிகிச்சையா, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையா?

ஆஸ்திரிய நரம்பியல் மருத்துவர் பிராய்டின் உளப்பகுப்பாய்விலிருந்து கிளைத்த உளஇயக்கச் சிகிச்சை, இன்றைய துயரத்தின் வேர்களை நாம் அறியாமலே சுமந்துவரும் பழைய உறவுகளிலும் அடக்கிவைத்த உணர்வுகளிலும் தேடுகிறது. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் வகுத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையோ, இப்போது மனத்தில் ஓடும் எண்ணங்களையும் அவற்றால் விளையும் நடத்தையையும் நேரடியாக மாற்ற முயல்கிறது. வீட்டுப் பயிற்சிகள் உண்டு, பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வுகளில் முடிந்துவிடும்.

உளஇயக்கச் சிகிச்சையில் அத்தகைய வரையறுத்த நிரல் இல்லை. மனத்தில் தோன்றுவதைத் தடையின்றிப் பேசலாம். கண்டிப்பான தந்தையிடம் வளர்ந்த ஒருவர், சிகிச்சையாளர் சற்று மௌனமாக இருந்தாலே தம்மீது கோபம் கொண்டிருப்பதாக அஞ்சக்கூடும். அந்த அச்சத்தைச் சிகிச்சையாளருடனான உறவுக்குள்ளேயே இருவரும் சேர்ந்து ஆராயும்போது, பணியிடத்திலும் மணவாழ்விலும் அது தம்மை எப்படியெல்லாம் ஆட்டிவைத்தது என்பது அவருக்குப் புலப்படத் தொடங்குகிறது. இம்முறையின் உயிர்நாடி இதுவே என்று நான் கருதுகிறேன்.

மனச்சோர்வுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒத்த பலன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வேண்டாத எண்ணங்கள் திரும்பத் திரும்ப வந்து அலைக்கழிக்கும் எண்ணச் சுழற்சி நோய்க்கும், குறிப்பிட்ட பொருள்மீதான அச்சத்துக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையே முதலில் நாடலாம். ஒரே விதமான உறவுச் சிக்கல் மீண்டும் மீண்டும் நேர்ந்தும் காரணம் விளங்காமல் தவிப்பவர், ஓராண்டுக்கு மேலும் நீளக்கூடிய உளஇயக்கச் சிகிச்சைக்குக் காலம் ஒதுக்குவது தகும். தற்கொலை எண்ணம் உள்ளவர், எந்த முறை என்று ஆராய்ந்து காத்திராமல், உடனே மனநல மருத்துவரை அணுக வேண்டும்.