ஒரு ஜிப் டிஸ்க், மூன்று பழைய மெஷின்கள்: எந்த முறையில் ஃபார்மட் செய்வது?

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் பழைய கம்ப்யூட்டர் சாமான்களைக் கிளறும் பழக்கம் இருந்தால், கையில் எப்படியும் நாலைந்து ஐயோமெகா ஜிப் டிஸ்க் (ஃப்ளாப்பி மாதிரி செருகி எடுக்கலாம், ஆனால் அதைவிட அதிகம் கொள்ளும்) சேர்ந்திருக்கும். 100 எம்பி என்று போட்டிருக்கும். செக்டர் என்ற 512 பைட் துண்டுகளாக 196,608 இருக்கும். இதை அமிகா முறையில் பிரிப்பதா, அட்டாரி எஸ்டி முறையிலா, மெக்கின்டாஷ் முறையிலா, இல்லை எந்த வம்பும் வேண்டாம் என்று பிசியின் எம்எஸ்-டாஸ் ஃபார்மட்டிலேயே விட்டுவிடுவதா? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த டிஸ்க்கிலிருந்து மெஷினை பூட் செய்யப் போகிறீர்கள் என்றால் அந்தந்த மெஷினின் சொந்த முறை, வெறுமனே ஃபைல் ஏற்றி இறக்கத்தான் என்றால் எம்எஸ்-டாஸ். எஸ்டிக்கு மட்டும் இதில் ஒரு சிக்கல் உண்டு, அதற்கு வருகிறேன்.

அதற்கு முன்னால் பூசணம். பினாங்கு ஈரக்காற்றில் பல வருஷம் கிடந்த டிஸ்க்கின் ஷட்டரைத் தள்ளிப் பாருங்கள், வெள்ளைத் திட்டு தெரிந்தால் டிரைவில் போடவே போடாதீர்கள், ஹெட் கெட்டுவிட்டால் அடுத்து போடுகிற நல்ல டிஸ்க்கையும் அது கெடுக்கும். காந்தத்தால் அழித்துப் புதிதாக்கும் யோசனையும் வேண்டாம். ஃப்ளாப்பிக்கு அது ஓடும். ஜிப்பில் ஹெட்டுக்கு வழிகாட்டும் சர்வோ குறிகள் தொழிற்சாலையில் எழுதியவை, அழிந்தால் எந்த ஃபார்மட் புரோகிராமாலும் திரும்ப எழுத முடியாது.

சரி, அமிகா. மூன்றில் எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான். அமிகா 500-இல் ஏ590 கன்ட்ரோலர் மாட்டியிருந்தாலும் சரி, ஸ்கஸி (டிஸ்க் டிரைவ்களை மாட்டும் இணைப்பு) கூடவே வரும் அமிகா 3000 ஆனாலும் சரி, எச்டிடூல்பாக்ஸ் என்ற புரோகிராம் டிஸ்க்கின் தொடக்கத்தில் ஆர்டிபி என்ற அட்டவணையை எழுதும். பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த பகுதி) விவரத்தோடு, ஃபைல்களை அடுக்கிப் படிக்கும் ஃபைல்சிஸ்டம் புரோகிராமையே அதில் சேர்த்து வைக்கலாம் என்பதுதான் விசேஷம். அமிகாவுக்குள்ளேயே பதிந்து வரும் கிக்ஸ்டார்ட் 1.3 ரோமுக்குள் எஃப்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டம் கிடையாது, ஆனாலும் எஃப்எஃப்எஸ் டிஸ்க்கிலிருந்து பூட் ஆகும், ஏனென்றால் தேவையானதை டிஸ்க்கே கொண்டுவருகிறது. குறை எங்கே என்றால், அந்த அட்டவணையை பூட் ஆகும் நேரத்தில்தான் மெஷின் படிக்கிறது. இரண்டு பார்ட்டிஷன் போட்ட டிஸ்க்கோடு ஆன் செய்துவிட்டு, நடுவில் ஒரே பார்ட்டிஷன் உள்ள டிஸ்க்கை மாற்றிப் போட்டால், பழைய எல்லைக்கோட்டை வைத்துக்கொண்டே புதிய டிஸ்க்கைப் படிக்கப் பார்க்கும். ஆகவே ஹார்ட்டிஸ்க் பழக்கத்தில் சிஸ்டம் தனி, வொர்க் தனி என்று ஜிப்பைக் கூறு போடாதீர்கள். எல்லா டிஸ்க்கிலும் முழுசாக ஒரே பார்ட்டிஷன், ஒரே அமைப்பு. அப்புறம் அமிகாவின் டெஸ்க்டாப்பான வொர்க்பெஞ்சில் குவிக் ஃபார்மட் வேண்டாம், சந்தை டிஸ்க்குக்கு முழு ஃபார்மட்தான். நேரம் பிடிக்கும், ஆனால் கெட்ட இடம் அப்போதே தெரிந்துவிடும்.

அட்டாரி எஸ்டியின் ஃபைல்சிஸ்டம் எம்எஸ்-டாஸ் சாயலில் இருப்பதால் அது சுலபம் என்று பலர் நம்புகிறார்கள். 720 கேபி ஃப்ளாப்பி வரை நம்பிக்கை பலிக்கும், பிசியில் ஃபார்மட் செய்ததை எஸ்டி படிக்கும். ஜிப்பில் கதை வேறு. எஸ்டிக்கு ஒரு கிளஸ்டர் (ஃபைலுக்கு ஒரு தடவையில் ஒதுக்கும் இடம்) என்றால் எப்போதும் இரண்டு செக்டர். அதனால் சாதாரண பார்ட்டிஷன் பழைய ரோமில் 16 எம்பியோடும், 1.04 ரோமில் 32 எம்பியோடும் நின்றுவிடும். அதைத் தாண்ட பிஜிஎம் என்ற வகையில் லாஜிக்கல் செக்டரையே 512-க்கு மேல் பெரிதாக்குவார்கள். எஸ்டிக்குப் பிரச்சினை இல்லை, பிசி பார்த்தால் திருதிருவென்று விழிக்கும். எதிர்த்திசையிலும் இடிக்கிறது: பிசி முழு ஜிப்பையும் ஒரே பார்ட்டிஷனாக வைத்தால் கிளஸ்டர் பெரிதாகிவிடும், கூடுதல் புரோகிராம் இல்லாமல் எஸ்டி அதைத் தொடாது. இங்கே மட்டும் கூறு போடுவதில் நியாயம் இருக்கிறது. எச்டிடிரைவர் மாதிரி ஒரு ஹார்ட்டிஸ்க் புரோகிராமை வைத்து டாஸ் அட்டவணையோடு, ஒவ்வொன்றும் 32 எம்பிக்கு (பழைய ரோம் என்றால் 16 எம்பிக்கு) கொஞ்சம் குறைவாகப் பிரித்துக்கொண்டால் இரண்டு பக்கமும் படிக்கும். ரோமில் ஹார்ட்டிஸ்க்கை இயக்கும் டிரைவர் புரோகிராமே இல்லாத மெஷின் என்பதால் அந்தப் புரோகிராம் எப்படியும் தேவைதான். எஸ்டியின் பின்னால் இருக்கும் ஏசிஎஸ்ஐ போர்ட்டில் ஸ்கஸி ஜிப்பை நேரடியாக மாட்டவும் முடியாது, நடுவில் அடாப்டர் வேண்டும். மூன்றில் அதிகம் மெனக்கெட வைப்பது இதுதான்.

மெக்கில் சொல்ல அதிகமில்லை. 1986-இல் வந்த மெக் பிளஸிலிருந்தே ஸ்கஸி உண்டு. டிரைவர் டிஸ்க்கிலேயே எழுதப்படுவதால், ஆன் செய்யும்போதே டிஸ்க் உள்ளே இருந்தால் தானாக ஏறிக்கொள்ளும். பிறகு செருகுவதாக இருந்தால் ஐயோமெகா எக்ஸ்டென்ஷன் சிஸ்டத்தில் இருக்கவேண்டும். ஆப்பிளின் ஃபார்மட் புரோகிராமான எச்டி எஸ்சி செட்டப்பை நம்பி உட்காராதீர்கள், ஆப்பிள் முத்திரை இல்லாத டிரைவை அது கண்டுகொள்ளாது.

எம்எஸ்-டாஸ் ஜிப்பில் ஒரு விசித்திரம்: ஒரே பார்ட்டிஷன்தான், ஆனால் அட்டவணையில் அது நாலாவது இடத்தில் உட்கார்ந்திருக்கும். அமிகாவில் ஃபேட்95 என்ற புரோகிராமைப் போட்டால் படிக்கும், சிஸ்டம் 7.5 மெக்கில் அதே வேலைக்கு பிசி எக்ஸ்சேஞ்ச் கூடவே வருகிறது. அமிகாவும் மெக்கும் வைத்திருப்பவர் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். எஸ்டியும் இருந்தால் அதற்கென்று ஒரு டிஸ்க்கைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள், மூன்றுக்கும் பொதுவாக ஒரே டிஸ்க் என்று போராடுவது தலைவலி.

வீட்டில் லினக்ஸும் யூஎஸ்பி ஜிப் டிரைவும் இருந்தால் பாதி வேலை குறையும். அமிகா, அட்டாரி, மெக் மூன்றின் பார்ட்டிஷன் அட்டவணையும் லினக்ஸுக்குப் புரியும், அமிகாவின் எஃப்எஃப்எஸ், மெக்கின் எச்எஃப்எஸ் இரண்டையும் படிக்கும். எதையும் ஃபார்மட் செய்வதற்கு முன் அதில் முழு நகல் ஒன்று எடுத்துவிடுங்கள், சந்தை டிஸ்க்கில் வேறெங்கும் கிடைக்காத புரோகிராம் ஏதாவது இருக்கலாம்.