ரீமேப் என்று சொல்லி ஒரு பெட்டியை மாட்டிவிட்டார்கள்: மதுரை கார் நண்பர்கள் கவனத்துக்கு

என்னிடம் இருப்பது 2020 மாடல் போலோ. 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல், மேனுவல் கியர். கம்பெனிக் கணக்கில் 110 குதிரைத்திறன். ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் ஏற்கெனவே மாற்றியிருந்தேன். அடுத்து ஈசியுவை, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரை, ரீமேப் செய்யலாம் (பவர் கூட அதன் புரோகிராமை மாற்றி எழுதலாம்) என்று விசாரித்தபோது, மதுரைக்கு வெளியே இருக்கும் ஒரு கடையைச் சொன்னார்கள். கடையின் பெயரை இங்கே போடவில்லை. என்ன செய்தார்கள் என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இதை எந்தக் கடையிலும் செய்யலாம்.

135 குதிரைத்திறன் கிடைக்கும், 28,000 ரூபாய் என்றார் கடைக்காரர். என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு, லேப்டாப்போடு வண்டிக்குள் இரண்டு மணி நேரம் இருந்தார். அப்புறம் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஆக்சிலேட்டரில் கால் பட்டதுமே வண்டி சீறிக்கொண்டு பாய்ந்தது. "பிக்கப் எப்படி தம்பி?" என்றார். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி சேர்ந்துடும் தம்பி, எதுக்கு?" என்றார். சரி என்று ஜிபேயில் பணத்தை அனுப்பிவிட்டேன்.

இரண்டே நாளில் ஊருக்குள் ஓட்டுவது பெரும்பாடாகிவிட்டது. கோரிப்பாளையம் சிக்னலில் முதல் கியரில் மெல்ல நகர்த்தப் பார்த்தால், வண்டி வெடுக்கென்று முன்னால் போய் ஆட்டோவை இடிக்கப் பார்க்கும். காலை எடுத்தால் குலுங்கும். "ஏங்க, ஏன் இப்படி வெட்டி வெட்டி ஓட்டுறீங்க?" என்று மனைவி கேட்டாள். பவர் கூடினால் அப்படித்தான் இருக்கும் என்று நானே நம்பிக்கொண்டு அவளுக்கும் சொன்னேன்.

சந்தேகம் வந்தது ஒரு ஞாயிறு காலையில். ரீமேப்புக்கு முன்னால் நாலாவது கியரில் 60-லிருந்து 100 வரை போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று நாலு வழிச்சாலையில் அளந்து வைத்திருந்தேன். 7.4 வினாடி. இப்போது அதே இடத்தில், அதே கியரில், பெடலைத் தரையோடு மிதித்து அளந்தேன். 7.5. மூன்று முறை பார்த்தும் அதேதான். 25 குதிரைத்திறன் கூடிய வண்டி இப்படி இருக்க முடியாது.

பழைய வண்டிகளில் ஆக்சிலேட்டர் கேபிள், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் வால்வை நேராக இழுக்கும். இந்த வண்டிகளில் அந்தக் கேபிளே கிடையாது. பெடலில் இருக்கும் சென்சார் எவ்வளவு மிதித்தோம் என்று ஈசியுவுக்குச் சொல்கிறது. வால்வை எவ்வளவு திறப்பது என்று ஈசியு முடிவு செய்து, ஒரு சிறு மோட்டாரை வைத்துத் திறக்கிறது. நடுவில் ஒரு பெட்டியை மாட்டி, 30 சதவீதம் மிதித்ததை 60 என்று ஈசியுவிடம் சொல்ல வைத்தால், தொட்டதும் வண்டி பாயும். ஆனால் முழுக்க மிதிக்கும்போது 100 சதவீதம்தான். அதற்கு மேல் திறக்க வால்வில் இடமில்லை, எஞ்சினில் ஒரு குதிரைத்திறன்கூடக் கூடவில்லை. அதனால்தான் சின்னதாக ஒரு ரவுண்டு அடித்துப் பார்ப்பவர் ஏமாறுகிறார். அரைப் பெடலில் கிடைக்க வேண்டியது கால் பெடலிலேயே கிடைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

உண்மையான ரீமேப்பில் டர்போவின் பூஸ்ட் (காற்றழுத்தம்), இக்னிஷன் டைமிங், பெட்ரோல் அளவு, டார்க் (இழுவிசை) வரம்பு எல்லாம் மாறும். எவ்வளவு மிதித்தால் வால்வு எவ்வளவு திறக்கும் என்ற பெடல் அட்டவணை அதில் ஒரு பகுதி மட்டுமே. நல்ல டியூனர் அதை முரட்டுத்தனமாக ஏற்றவும் மாட்டார். திராட்டில் வால்வு வட்டத்தகடு. மூடிய நிலையிலிருந்து கொஞ்சம் திரும்பினாலே, குறைந்த ஆர்பிஎம்மில் காற்று நிறையப் போய்விடும். எஞ்சினின் பலத்தைக் கூட்டியபிறகு அதே சிறு மிதிக்கு இன்னும் அதிக இழுவை வரும். ஆகவே முதல் கால்வாசி மிதியை மென்மையாக வைத்து, அதற்குப் பிறகுதான் படிப்படியாக ஏற்ற வேண்டும். ஊர் நெரிசலில் கால் சொன்னபடி வண்டி கேட்பதும் அப்போதுதான். எனக்குச் செய்தது இதற்கு நேர் எதிர்.

இதோடு முடிந்திருந்தால் பணம் போனது என்று விட்டிருப்பேன். அடுத்த வாரம் அம்மாவையும் மகளையும் ஏற்றிக்கொண்டு விருதுநகர் போனோம். கப்பலூர் டோல்கேட் தாண்டி ஒரு லாரியை முந்திக்கொண்டிருந்தபோது டேஷ்போர்டில் ஈ.பி.சி விளக்கு (எஞ்சின் பவர் கட்டுப்பாட்டில் கோளாறு என்ற எச்சரிக்கை) எரிந்தது. பெடலை மிதிக்கிறேன், வண்டி கேட்கவில்லை. பக்கத்தில் லாரி, பின்னால் ஹாரன் அடித்தபடி ஒரு பஸ். லாரிக்காரர் நிலைமை புரிந்து பிரேக் அடித்து வழிவிட்டதால் இடது ஓரத்துக்கு வந்து சேர்ந்தோம். அம்மாவின் கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது. அந்த லாரி ஓட்டுநருக்கு நன்றிகூடச் சொல்ல முடியவில்லை.

திருநகரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். பெடலின் இரண்டு சென்சார்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்ற கோளாறு பதிவாகியிருந்தது. பாதுகாப்புக்காகவே பெடலில் இரண்டு சென்சார் வைத்திருக்கிறார்கள். இரண்டும் முரண்பட்டால் ஈசியு பவரை வெட்டிவிடும். அண்ணன் டேஷ்போர்டுக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தார். "தம்பி, இங்கன வந்து பாருங்க" என்றார். பெடலுக்கு மேலே உள்ள கப்ளரில் (வயர் இணைப்பில்), தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி, டேப் சுற்றித் திணிக்கப்பட்டிருந்தது. அதன் கப்ளர் பூட்டு உடைந்து, உள்ளே இருக்கும் உலோக முனை லூசாக இருந்தது. கழற்றிவிட்டுப் பழைய கப்ளரையே மாட்டினோம். விளக்கு அணைந்தது, வண்டி பழையபடி ஆனது. கோயம்புத்தூரில் இருக்கும் டியூனர் நண்பர் ஈசியுவில் இருந்த ஃபைலை எடுத்துக் கம்பெனி ஃபைலோடு ஒப்பிட்டார். ஒரு எழுத்துகூட மாறவில்லை.

அந்தப் பெட்டியைச் சொல்லி நேர்மையாக விற்பவர்களும் உண்டு. நெடுஞ்சாலையில் அது பிடிக்கிறது என்பவர்களும் உண்டு. அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. ரீமேப் என்ற பெயரில் அதை ஒளித்து மாட்டியதுதான் மோசடி.

நீங்கள் போவதாக இருந்தால், வேலைக்கு முன்னும் பின்னும் உள்ள ஃபைல் இரண்டையும் பென்டிரைவில் கேளுங்கள். முழு மிதியில் ஓட்டும்போது எஞ்சின் அளவுகளைப் பதிவு செய்த டேட்டா லாக் கேளுங்கள். பூஸ்ட் எவ்வளவு, நாக் (எஞ்சினுக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பது) இருக்கிறதா என்று அதில் தெரியும். என்ன பெட்ரோல் போடுகிறீர்கள் என்றுகூடக் கேட்காத ஆளிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். ஓட்டிப் பார்க்கும்போது ஸ்டாப்வாட்சோடு முழுதாக மிதித்துப் பாருங்கள். பில்லுக்கு ஜிஎஸ்டி சேர்ந்தால் சேரட்டும்.

கடைக்காரரிடம் பெட்டியைக் காட்டியபோது, "அதுவும் ரீமேப்புல ஒரு பார்ட்தான் தம்பி" என்றார். இப்போது போனை எடுப்பதில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது. பில் இல்லாவிட்டாலும், "135 கன்ஃபார்ம்" என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியும் ஜிபே ரசீதும் கையில் இருக்கின்றன; அந்த இரண்டையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வரும் திங்கட்கிழமை போகிறேன். இதேபோன்ற பெட்டி உங்கள் வண்டியிலும் கிடைத்திருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.