வெளிக்குழாய்க்கு எந்த பைப்? சாம்பல், கிரீம், வெள்ளை: ஒரு மதிப்பீடு

மாடித் தொட்டியிலிருந்து வாசலுக்கும் தோட்டத்துக்கும் லைன் இழுக்கக் கடையில் மூன்று பைப் காட்டுவார்கள்: விவசாயத்துக்கான சாம்பல் பிவிசி, கிரீம் நிற சிபிவிசி, வெள்ளை யூபிவிசி. எங்கள் தேர்வு வெள்ளைதான். வெயில் படும் இடத்தில் ஷெட்யூல் 80, மண்ணுக்குள் ஷெட்யூல் 40. (ஷெட்யூல் என்பது பைப் சுவரின் தடிமன் வகை; எண் கூடினால் சுவர் தடிப்பு.)

"பிரஷர் தாங்கும் சார்" என்று சொல்லித்தான் ஷெட்யூல் 80-ஐ விற்பார்கள். கணக்கு அப்படி இல்லை. தொட்டி நீர்மட்டம் குழாய்க்கு 10 மீட்டர் மேலே இருந்தாலும் கிடைக்கும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 1 கிலோதான். ஒரு இஞ்ச் ஷெட்யூல் 40 பைப் 23 டிகிரியில் சுமார் 31 கிலோ தாங்கும். பைப் 49 டிகிரிக்குச் சூடானாலும் அதில் 40 சதவீதம், அதாவது 12 கிலோ மிஞ்சும். மாடி பைப் வெயிலில் நொய்ந்து, கிளாம்ப் இடைவெளியில் தொய்ந்து, யாராவது ஏணி சாய்க்கும்போதுதான் உடைகிறது. ஷெட்யூல் 40-இன் சுவர் 3.38 மி.மீ., 80-இன் சுவர் 4.55 மி.மீ. நாம் கூடுதலாகக் கொடுக்கும் காசு அந்த ஒரு மில்லிமீட்டர் சொச்சத்துக்கு.

சாம்பல் பைப் விலை குறைவு, போர் மோட்டாரிலிருந்து வயலுக்கு நல்லதுதான். வீட்டு லைனில் அது வம்பு. 32 மி.மீ. பைப்பை 'ஒரு இஞ்ச்' என்றே கொடுப்பார்கள்; வெள்ளை ஒரு இஞ்ச் பைப்பின் வெளிவிட்டமோ 33.4 மி.மீ. வெள்ளை எல்போவுக்குள் (வளைவு இணைப்பு) சாம்பல் பைப் லொடலொடவென்று ஆடும். அந்த இடைவெளியைச் சொல்யூஷனால் (பைப் ஒட்டும் பசை) நிரப்பி ஒட்டுகிறவர்கள் உண்டு, பேப்பரைக் கொளுத்திப் பைப் வாயை விரிக்கிறவர்களும் உண்டு. இரண்டும் என்றைக்காவது ஒழுகும்.

சிபிவிசி சோலார் ஹீட்டரின் சுடுதண்ணீருக்கு (93 டிகிரி வரை) ஏற்றது. வாசல் குழாய்க்கு வீண் செலவு. அதன் ஒரு இஞ்ச் 28.6 மி.மீ., அதன் சொல்யூஷனும் வேறு. வெள்ளையோடு இணைக்க வேண்டுமென்றால் பித்தளை மரை வைத்த ஃபிட்டிங் வழியாக மட்டுமே.

வாங்கும்போது பைப் மேல் அச்சான எழுத்தைப் படியுங்கள்: அளவு, ஷெட்யூல், ஏ.எஸ்.டி.எம். டி 1785 என்ற தர எண். கடை வாசலில் வெயிலில் அடுக்கி மஞ்சள் தட்டிய பைப்பை ஒதுக்குங்கள். சொல்யூஷன் டப்பாவைக் குலுக்கிப் பாருங்கள். ஜெல்லி மாதிரி அசைந்தால் அது முடிந்துபோன சரக்கு, தின்னர் ஊற்றினாலும் தேறாது.

மாடியோடு இரண்டு தளம், நான்கு குழாய், சுமார் 28 மீட்டர் மெயின் லைன் என்றால் 3 மீட்டர் நீளத்தில் ஒரு இஞ்ச் பைப் 10, கைவசம் ஒன்று. கிளை பிரிய ஒரு இஞ்சிலிருந்து முக்காலுக்குக் குறையும் டீ 4, முக்கால் இஞ்ச் பைப் 3, குழாய் மாட்டப் பித்தளை மரை எல்போ 4, பால் வால்வு (கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பி மூடுவது) 3, யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) 2. கிளாம்ப் கிடைமட்டத்தில் முக்கால் மீட்டருக்கு ஒன்று. பைப் விலையை மட்டும் கூட்டி பட்ஜெட் போடாதீர்கள், ஃபிட்டிங்கும் வால்வும் கிட்டத்தட்ட அதே தொகையை விழுங்கும். காசு குறைக்கத்தான் வேண்டுமென்றால் மண்ணுக்குள் போகும் பைப்பில் குறைக்கலாம், வால்வில் வேண்டாம். பால் வால்வுக்குப் பதில் பல சுற்றுத் திருகி மூடும் கேட் வால்வு போட்டால், உப்புத் தண்ணீரில் அதன் தண்டு இறுகிவிடும்; அவசரத்தில் திருகினால் தலை மட்டும் கையோடு வரும்.

ஒட்டும் வேலையைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் சொல்யூஷன் பைப்பை நுழைப்பதற்குள் காய்ந்துவிடுகிறது. நேராக அறுத்து, பிசிறை வழித்து, இரண்டு பக்கமும் தடவி, கால் சுற்றுத் திருப்பி உள்ளே தள்ளி அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். விட்டால் பைப் தானாகப் பின்னுக்கு வரும். மறுநாள்தான் தண்ணீர் விட வேண்டும். 30 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் 10 மீட்டர் பைப் ஏறக்குறைய 2 செ.மீ. நீளும், ஆகையால் கிளாம்ப்பை இறுக்கிப் பிடிக்க விடாதீர்கள். நீள ஓட்டத்தில் ஒரு வளைவு இருக்கட்டும்.

தொட்டி வால்வுக்கு அடுத்து முக்கால் இஞ்ச் காற்றுக் குழாய் ஒன்றைத் தொட்டியின் உச்சி நீர்மட்டத்துக்கு மேல் நிறுத்துங்கள். பிளம்பர்கள் மறக்கும் முதல் விஷயம் இது. இல்லையென்றால் லைனில் காற்று அடைத்து, குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வரும்.

வெயில் படும் பைப்பை லேசாக உப்புத்தாள் தேய்த்து, வெளிச்சுவருக்கு அடிக்கும் வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட் கொடுங்கள். எண்ணெய் பெயின்ட் வேண்டாம், அதன் கரைப்பான் பைப்பைப் பதம் பார்க்கும். மண்ணுக்குள் ஒன்றரை அடி ஆழம், கீழும் மேலும் மணல்; கார் ஏறும் இடத்தில் பெரிய பைப்பை உறையாகப் போடுங்கள்.

குழாயில் பித்தளை நீடிக்கும். ஆனால் கேட்டுக்கு வெளியே மாட்டினால் ஒரு நாள் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேரும், அங்கே பிளாஸ்டிக் குழாயே போதும். டெஃப்லான் டேப்பை மரை திரும்பும் திசையில் சுற்றுங்கள், கையால் இறுக்கியபின் ஸ்பானரில் ஒரு சுற்று போதும். பித்தளை மரை இல்லாத வெறும் பிளாஸ்டிக் எல்போ அதற்கு மேல் விரிசல் விடும்.

பராமரிப்பு அதிகமில்லை. வால்வுகளை மாதம் ஒருமுறை மூடித் திறங்கள். ஐப்பசி மழைக்குப் பின் மண் அமுங்கிய இடத்தைத் தோண்டிப் பாருங்கள். மூன்றாவது பால் வால்வை லைனின் கடைசியில் வைத்திருந்தால், தொட்டி கழுவிய அன்று அதை முழுதாகத் திறந்துவிடுங்கள். சேறும் உப்புச் செதிலும் முதல் இரண்டு வாளியிலேயே வந்துவிடும்.